கதவுக்குப் பின்னால் ஒரு குடை

இப்போது வரும் படங்களைப் பற்றி என்னிடம் யாரும் வாயைத் திறக்காமல் இருப்பது அவர்களுக்கு நல்லது. முதலில் கதாநாயகனின் செருப்பு வரும். பிறகு முழங்கால், பிறகு முதுகு. முகம் வந்து சேர்வதற்குள் கையில் இருக்கும் காபி ஆறிப்போகும். பின்னணி இசை என்ற பெயரில் ஒருவன் தகரத்தைப் போட்டு அடித்துக்கொண்டே இருப்பான். வில்லன் செத்தான், அப்பாடா என்று எழுந்தால், அவனுக்கு ஓர் அண்ணன் இருக்கிறானாம், அடுத்த பாகத்தில் வருவானாம். வரட்டும், நான் வரமாட்டேன்.

பழைய படங்கள் மட்டும் என்ன வாழ்கிறது? மார்பில் குண்டு வாங்கியவன் சாகாமல் ஒரு முழுப் பாட்டைப் பாடிவிட்டுச் சாவான். காசநோய்க்காரி இருமி இருமி உயிரை விடுவாள், முகத்துப் பவுடர் கலையாது. நீதிமன்றத்தில் பத்து நிமிடம் வசனம் பேசுவார்கள். அந்த நீதிபதி, பாவம், சம்பளம் வாங்குகிறோமே என்று கேட்டுக்கொண்டிருப்பார். பழசு என்றாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களையும் எனக்குப் பிடிக்காது.

நான் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் பயப்படமாட்டார்கள் என்பது எங்கள் தொழிலில் ஒரு விதி. நான் சினிமா பேசுவேன். ஒரு முறை உள்ளே இருந்த வங்கி அதிகாரி ஒருவர், ஐயா, நீங்கள் பேசாமல் வேலையைப் பாருங்கள், நான் இருட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று கெஞ்சினார். அவருக்குப் பிடித்த படம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அது ஏன் குப்பை என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பிடித்த படம் ஒன்றே ஒன்று. பெயரைச் சொல்லமாட்டேன், தகுதி இல்லாதவர்கள் தேடிப் பிடித்துப் பார்ப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படம். கணவன் ஒரு குமாஸ்தா. வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி அவனிடம் நான் ஒரு குறையும் கண்டதில்லை. இரண்டு மணி நேரம் ஒரே வீட்டுக்குள் சின்னச் சின்னச் சண்டைகள். கடைசியில், மழை பெய்யும் ஒரு காலையில், மனைவி தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். போகாதே என்று அவன் சொல்வதில்லை. கதவைச் சாத்துகிறான். கேமரா அந்தக் கதவையே பார்க்கிறது. கதவுக்குப் பின்னால் ஆணியில் அவளுடைய குடை தொங்குகிறது. அவ்வளவுதான், இருட்டு. ‘முற்றும்’ என்றுகூடப் போடவில்லை. அதைப் போடாமல் விட்டானே, அந்தத் துணிச்சல் இன்றைக்கு எவனுக்கு இருக்கிறது?

நான் லிஃப்ட் கம்பெனியில் தொழில் பழகிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் பகுதித் திரையரங்கில் அந்தப் படம் இரண்டு வாரம் ஓடியது. பதினொரு முறை பார்த்தேன். அதற்குப் பிறகு அது எங்கேயும் வரவில்லை. பிரதிகள் ஈரத்தில் கெட்டுப்போயின என்றார்கள். ஆக, அந்தப் படத்தைப் பற்றிப் பேச இந்த ஊரில் நான் ஒருவன்தான். நான் சொன்னதுதான் படம். எங்கள் படக் கழகத்தின் ஆண்டு மலரில், ஆணியில் தொங்கும் அந்தக் குடை எதைக் குறிக்கிறது என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். போனவள் போனபின் எஞ்சுவது எதுவோ, அதைக் குறிக்கிறது என்பது என் முடிவு. கழகத்தில் எனக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். எந்தப் படத்தைக் காட்டினாலும் எங்கே வெட்டியிருக்க வேண்டும் என்று சொல்வேன். பெரும்பாலும் தொடக்கத்திலேயே.

என் மனைவிக்கு எல்லாப் படமும் பிடிக்கும். தையல் வேலை செய்கிறவள், கூடத்து ஜன்னல் ஓரம் மெஷின் போட்டிருந்தாள். காலால் மிதித்துக்கொண்டே டிவியில் படம் பார்ப்பாள், சிரிப்பாள், அழுவாள், ஊசியில் நூல் கோப்பாள். மூன்று மாதத்துக்கு முன் எதிர்வீட்டுத் தம்பதி வந்திருந்தார்கள். போன வருடம் வந்த ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் விமான நிலையத்திலிருந்து அப்பாவுக்குப் போன் செய்கிறாள், அப்பா எடுப்பதற்குள் கட் ஆகிறது. இதற்கு வயலின் வேறு. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உன் கண்ணுக்கு வெங்காயமும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான் என்றேன். எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இத்தனை வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் ஒரு காட்சியைப் பற்றி உருப்படியாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவள் என்று ஆரம்பித்து, அவள் அப்பா செத்த அன்றுகூட இப்படித்தான் சினிமாத்தனமாக அழுதாள் என்று முடித்தேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. எதிர்வீட்டுக்காரர்கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலை அவள் ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். நான் போகாதே என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சாத்தும்போது அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவளுடைய அண்ணன், என் மச்சான், அந்தக் காலத்தில் சினிமா ஆபரேட்டர். நான் அந்தப் படத்தைப் பதினொரு முறை பார்த்த அதே திரையரங்கில் படம் ஓட்டியவர். வாழ்நாள் முழுக்க ஒரு சதுர ஓட்டை வழியாகப் பாதிப் பாதிப் படம் பார்த்த மனிதருக்குச் சினிமா பற்றி என்ன தெரியும்? கல்யாணமான புதிதில் அந்தப் படத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார். ரீல் மாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் மச்சான் என்று அன்றைக்கே வாயை அடைத்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் சினிமா பேசியதில்லை. மூன்று மாதத்தில் இரண்டு முறை போன் செய்தார். வந்து கூப்பிட்டால் வருகிறேன் என்கிறாள் என்றார். போனவளுக்கு வழி தெரியும் என்றேன். மூன்றாம் முறை செய்தபோது, ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்துவந்து மெஷினைக் கொண்டுபோகிறோம் என்றார்.

மெஷின் போனால் அவள் போனாள். அது எனக்குப் புரியாமல் இல்லை. நேரில் போய், ‘வா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதுதான் ஆண்பிள்ளைத்தனம் என்று எனக்கு ஒரு படம் கற்றுக்கொடுத்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள்தான் கழகத்தின் மாதக் கூட்டம். நூலகத்து மாடியில், காலை பத்து மணிக்கு. எங்கள் செயலாளர் ஒரு பல் டாக்டர் அம்மா; யாருக்கும் வலிக்காமல் பேசுகிறவர், அதனாலேயே எனக்கு ஆகாது. எங்கோ ஒரு காப்பகத்தில் என் படத்தின் முழுப் பிரதி கிடைத்து, அதைச் சுத்தம் செய்திருக்கிறார்களாம், அதைத்தான் திரையிடப் போகிறோம் என்று அவர் போனில் சொன்னபோது நான் எழுந்து நின்றே கேட்டேன். முடிந்ததும் பேச வேண்டியது நீங்கள்தான், உங்களைவிட யாருக்குத் தெரியும் என்றார். அது உண்மைதான் என்றேன்.

போனால் மூன்றாம் வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். ஒலிபெருக்கி இணைத்துப் படத்தை ஓட்ட டாக்டரம்மா மச்சானை வரச்சொல்லியிருக்கிறார், அவரோடு இவளும் வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள், திரும்பிக்கொண்டாள். நான் முதல் வரிசைக்குப் போய் நடுநாற்காலியில் உட்கார்ந்தேன். என் படத்தை, என் முதுகைத் தாண்டித்தான் அவள் பார்க்க வேண்டும்.

படம் ஓடியது. ஒவ்வொரு வசனத்தையும் நான் முன்கூட்டியே முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்தவர் இரண்டு நாற்காலி தள்ளிப் போனார். மழை வந்தது, தகரப்பெட்டி வந்தது. அவன் கதவைச் சாத்தினான். குடை தொங்கியது. நான் கைதட்ட இரண்டு கையையும் தூக்கிவிட்டேன்.

இருட்டு வரவில்லை. ஒரு கை நீண்டு ஆணியிலிருந்து குடையை எடுத்தது. கதவு திறந்தது. குமாஸ்தா மழையில் இறங்கி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தான்.

எழுந்தேன். பின்னாலிருந்து யாரோ உட்காருங்க என்றார்கள். நாற்காலிகளை இடித்துக்கொண்டு, ஹாலின் கோடியில் தடுப்புப் போட்டிருந்த மூலைக்குப் போனேன். அங்கே மச்சான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தடுப்பின் இடைவெளி வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னத்தைப் போட்டுத் தொலைத்திருக்கிறீர்கள், இது எந்தக் குப்பைப் படத்தின் துண்டு என்று கேட்டேன். குரலை அடக்கித்தான் கேட்டேன், ஆனாலும் ஹாலில் நாலு பேர் திரும்பினார்கள்.

மச்சான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இதான் மாப்பிள்ளை படம். கடைசி ரீல்.”

“நான் பதினொரு தடவை பார்த்திருக்கேன்.”

“பதினொரு தடவையும் நான்தானே ஓட்டினேன்” என்றார்.

பிறகு மெதுவாக, கணக்கு வாத்தியார் மாதிரி, விஷயத்தைச் சொன்னார். அந்தப் படத்துக்கு இந்த ஊரில் ஒரே ஒரு பிரதிதான் இருந்ததாம். இரண்டு திரையரங்குகளுக்கும் அதுவே. மற்ற திரையரங்கில் ஒரு ரீல் ஓடி முடிந்ததும் சைக்கிளில் ஏற்றி இவருடையதற்கு அனுப்புவார்கள். கடைசி ரீல் நான்கே நிமிடம்; அதற்காகச் சைக்கிள்காரன் திரும்பிப் போய்வர இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அடுத்த காட்சிக்கு ஆட்கள் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். கதவைச் சாத்துவதோடு அதற்கு முந்தின ரீல் முடிகிறது. நல்ல இடமாகத்தான் இருக்கிறது, விளக்கைப் போடு என்று மேலாளர் சொன்னார், இவர் போட்டார். இரண்டு வாரமும் அப்படியேதான்.

“சனங்க சீட்டை உடைக்காத குறை” என்றார் மச்சான். “படம் எங்கேன்னு கத்துவாங்க. ஒரே ஒருத்தர் மட்டும் எழுந்து நின்னு கை தட்டிக்கிட்டிருந்தார். யாருடா இந்த லூசுன்னு ஓட்டை வழியாப் பார்ப்பேன். மறு வருஷம் பார்த்தா, எங்க வீட்டுக்கே பொண்ணு பார்க்க வந்து உட்கார்ந்திருக்கார்.”

நான் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நான்கு பக்கம் எழுதினேனே, அந்தக் குடை எதையும் குறிக்கவில்லை. அடுத்த ரீலில் எடுப்பதற்காக மாட்டிவைத்த குடை. ‘முற்றும்’ போடாத துணிச்சல், சைக்கிள்காரன் வந்து சேராத துணிச்சல். இந்த ஆளிடம் போய் எனக்கு இது தெரிய வேண்டுமா?

“சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொல்ல வந்தேன். ரீல் மாட்டுறதோட நிறுத்திக்கச் சொன்னீங்க.” அவர் இடைவெளியைக் கை காட்டினார். “இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. திரும்பிப் பாருங்க.”

இதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது, எனக்குத் தெரியாததா என்றேன். அவர் தோளைக் குலுக்கினார். விளக்கு எரியும்வரை நான் திரும்பவில்லை.

டாக்டரம்மா என்னைப் பேச அழைத்தார். அந்த மேடைக்கு நடந்த பதினைந்து அடியில் எனக்கு இரண்டு வழி இருந்தது. நான் முழுப் படத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை என்று சொல்லலாம். சிரிப்பார்கள், ஒரு வாரம் பேசுவார்கள், போகட்டும். மூன்றாம் வரிசையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்தும் மைக்கைப் பிடித்தேன்.

இந்தக் கடைசி நான்கு நிமிடம் அசல் படத்தில் கிடையாது என்றேன். பதினொரு முறை பார்த்தவன் சொல்கிறேன், பிற்காலத்தில் எவனோ வியாபாரி ஒட்டியிருக்கிறான். இதுதான் இந்த ஊர் ரசனையின் லட்சணம். சாத்திய கதவைத் திறக்காமல் இவர்களுக்குத் தூக்கம் வராது. “அவன் ஓடணும், அவ பஸ்ஸை விட்டு இறங்கணும், ரெண்டு பேரும் மழையில கட்டிப் பிடிச்சுக்கணும். உங்களுக்கெல்லாம் அப்பத்தானே படம்? போய்க் கண்ணைத் துடைங்க.”

ஹாலில் ஒருவர் இருமினார். பின்வரிசையில் சிரிப்பு ஒன்று கிளம்பி மெதுவாக முன்னால் வந்தது. என் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நானும் கொஞ்சம் சிரித்தேன். டாக்டரம்மா மைக்கை என் கையிலிருந்து, பல்லைப் பிடுங்குவதுபோல, நோகாமல் வாங்கிக்கொண்டார். மூன்றாம் வரிசை நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். மெஷினின் தகட்டை நகர்த்தி, உள்ளே இருந்த பாபின் கேஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அடி நூல் உருளையை வைக்கும் சின்னக் கிண்ணம், விரல்நுனி அளவுதான் இருக்கும். அது இல்லாவிட்டால் ஒரு தையல் விழாது. கொண்டுபோகட்டும், கேட்டுக்கொண்டு திரும்பி வரத்தானே வேண்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இவ்வளவு சின்னப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். வந்தது.

ஞாயிறு காலை ஒன்பதுக்கு வந்தார்கள். மச்சானும் வேன் டிரைவரும் மெஷினைப் பிடித்தார்கள். தூக்குவதற்கு முன் அவள் தகட்டை நகர்த்தி உள்ளே பார்த்தாள். மூடினாள். நூல் டப்பாவையும் கத்தரிக்கோலையும் பையில் போட்டுக்கொண்டாள். லிஃப்ட் கதவை நன்றாகச் சாத்துங்கள், இல்லாவிட்டால் பாதியில் நிற்கும் என்று டிரைவரிடம் சொன்னேன். மூன்று மாதத்தில் அந்த வீட்டில் நான் பேசிய ஒரே உபயோகமான வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

அவள் வாசலில் ஒரு கணம் நின்றாள். நிற்கத்தான் செய்தாள், நான் பார்த்தேன். எனக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. “நேத்து பாதியிலேயே எழுந்து போயிட்டியே” என்றேன்.

“நானா?” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போனாள்.

கதவைச் சாத்தினேன். சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆணியில் குடையெல்லாம் இல்லை, என் வேலைச் சட்டைதான் தொங்கியது. கூடத்தில் மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில், நான்கு கால் தடத்தோடு இருந்தது. அவள் மிதிக்கும் சத்தம் இல்லாமல் மூன்று மாதம் இருந்திருக்கிறேன். மெஷின் இருக்கிறதே, என்றைக்காவது மிதிப்பாள் என்ற தைரியத்தில் இருந்திருக்கிறேன். இப்போது அதுவும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. வயலின் இல்லாமல் வந்தது.

கதவைத் திறந்தேன். தையல் மெஷினோடு லிஃப்ட் கீழே போய்விட்டிருந்தது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறவன், மூன்று மாடியைப் படியில் தடதடவென்று இறங்கினேன். தெருவுக்கு வந்தபோது வேன் கிளம்பிவிட்டிருந்தது. முனையில் ஒரு லாரி பின்னால் எடுத்துக்கொண்டிருந்ததால் நின்றது. செருப்பு ஒன்று கழன்று போயிற்று, விட்டுவிட்டேன். ஓடிப்போய் ஜன்னல் ஓரம் நின்றேன். மூச்சு வாங்கியது. பாபின் கேஸை நீட்டினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள், செருப்பில்லாத காலைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள்.

“வீட்டுக்கு வா” என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன். தெருவில் நின்று, நாலு பேர் பார்க்க, சொல்லிவிட்டேன். “நான் பேசினது தப்பு. உங்கப்பாவைப் பத்திப் பேசினது பெரிய தப்பு. இறங்கி வா.”

மச்சான் முன்சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் அந்தச் சின்னக் கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து மூடினாள். “படத்துலயும் அவன் இதேதான் சொன்னான்” என்றாள். “அப்புறம் என்ன ஆச்சுன்னு பார்த்தீங்களா?”

“இறங்கினா” என்றேன்.

“நேத்து மைக்ல அப்படித்தான் சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க.” கோபமாகச் சொல்லவில்லை. நூல் போட்டு அளந்து சொல்வதுபோலச் சொன்னாள். “அவ இறங்கலைங்க. குடையை வாங்கிக்கிட்டா. பஸ் போயிடுச்சு. அவன் நனைஞ்சுக்கிட்டு நிக்கறான். அதான் முடிவு.”

லாரி விலகியது. வேன் முனையில் திரும்பியது. நான் நடுத்தெருவில், ஒற்றைச் செருப்போடு நின்றேன். ஒரு ஸ்கூட்டர்காரர் ஓரமா நில்லுய்யா என்று திட்டிவிட்டுப் போனார்.

நல்ல முடிவு. நான் பதினொரு முறை கைதட்டிய முடிவைவிட நல்ல முடிவு. இதில் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை.